விதி பதினேழும் விழாத சந்தையும்

தேசியப் பங்குச் சந்தையில் காரணப் பிரிவு என்று ஒன்று உண்டு. அன்றைக்குச் சந்தை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை ஒரே வரியில் எழுதி மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது அதன் பணி. அதன் கண்காணிப்பாளர் இருபத்தாறு வருடமாக அந்த ஒரு வரியை எழுதி வந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு மாதம்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆட்சி கவிழ்ந்தது. மதியம் நாணய மதிப்பு படுத்துக்கொண்டது. மூன்று மணிக்குப் பங்குகள் மடமடவென்று சரிந்தன. கண்காணிப்பாளர் பதறாமல் "அரசியல் நிலையின்மை காரணமாக" என்று எழுதிக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதியமைச்சகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் இருந்தார். அமைச்சர்தான் இல்லை.

"அமைச்சர் ஒப்புதல் இல்லாத சரிவை வெளியிடக் கூடாதுன்னு விதி பதினேழு சொல்லுது," என்றார் செயலாளர்.

"அப்ப சந்தை விலைப் பலகையில என்ன போடறது, சார்?"

"போன வெள்ளிக்கிழமை விலையே நிக்கட்டும். ஏறினா மட்டும் மாத்துங்க. ஏற்றத்துக்கு என் கையெழுத்தே போதும்."

"ஆனா நிஜத்துல விழுந்துக்கிட்டிருக்கே."

"நாம வெளியிடாத வரைக்கும் அது அலுவல் ரீதியா விழல."

செவ்வாயன்றும் புதனன்றும் காலையில் ஒரு பிரதமர் பதவியேற்றார், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போனார். நாணயம் தினமும் தேய்ந்தது. சரிவுகள் கோப்பிலும் ஏற்றங்கள் பலகையிலும் சேர்ந்தன.

கண்காணிப்பாளரின் மனைவி கடையிலிருந்து அலுத்துப்போய் வந்தார்.

"வரிசையில நிக்கும்போது எண்ணெய் ஒரு விலை, கல்லாவுக்குப் போனா வேற விலை. நாடே ஆடுது, உங்க சந்தை மட்டும் ஏறுதாமே. சேமிப்பை எடுத்து அதுல போடுங்களேன்."

"அடியே, அந்தப் பலகை பொய். சரிவையெல்லாம் பூட்டி வச்சிருக்கறதே நான்தான்."

"அது நமக்குத்தானே தெரியும். வாங்கறவங்களுக்குத் தெரியாதே."

இந்த வாதத்தில் அவருக்குக் குறை எதுவும் தென்படவில்லை. வியாழனன்று அரைநாள் விடுப்பு எடுத்து, சேமிப்பு மொத்தத்தையும் தரகரிடம் கொண்டுபோனார். வரிசையில் அவருக்கு முன்னால் செயலாளர் நின்றிருந்தார். இருவரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நிலையான ஆட்சி அமைந்தது. நாணயம் நிமிர்ந்தது. புதிய நிதியமைச்சர் சுறுசுறுப்பானவர். நாற்காலி சூடாகுமுன்பே தேங்கிக் கிடந்த நான்கு கோப்புகளிலும் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் சரிவும் ஒரே நிமிடத்தில் பலகையில் இறங்கியது. கண்காணிப்பாளர் தன் சேமிப்பும் அதோடு இறங்குவதைப் பார்த்தார். ஆனாலும் அன்றைய வரியை எழுதிக்கொண்டு போய் நின்றார்.

"என்ன காரணம் போட்டிருக்கீங்க?" என்றார் அமைச்சர்.

"'நிலையான ஆட்சி அமைந்ததன் காரணமாகச் சந்தை சரிந்தது'ன்னு, ஐயா. நேத்து வரைக்கும் ஏறிக்கிட்டுதான் இருந்தது."

அமைச்சர் அதை இரண்டு முறை படித்தார். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒப்புதல் அளித்தார்.

மறுநாள் அந்த வரி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சந்தை வாசலில் பெருங்கூட்டம். நாட்டின் பொருளாதார நலன் கருதி ஆட்சியை உடனே கலைக்க வேண்டும் என்று ஒரு மனு. கண்காணிப்பாளரும் மனைவியோடு போய் வரிசையில் நின்றார். மனுவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதே தரகர். கையெழுத்துப் போடக் குனிந்த கண்காணிப்பாளர், முதல் பெயரைப் பார்த்துத் தயங்கினார்.

"இது நிதியமைச்சர் பேராச்சே?"

"ஆமா," என்றார் தரகர். "அவரும் வியாழக்கிழமைதான் வாங்கினாரு."