எனக்குத் தெரியாத மச்சான்

என் மனைவியின் அண்ணனைப் பார்த்து, "இவரை எனக்குத் தெரியாது" என்று ஒருமுறை பொலிஸ்காரரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது அவர் என்னிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். என் அலுவலுக்காகத்தான் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் இன்ன வீட்டுப் பிள்ளை என்று காட்டும் ஒரே கடதாசி என் கக்கத்தில் இருந்தது. எனக்குச் சாதகமாகப் பின்னால் ஏதாவது வரும் என்று வாசகர் காத்திருக்க வேண்டாம். ஒன்றும் வராது.

நான் தூத்துக்குடிக்காரன். திருச்சியில் எம்.ஏ. படித்தபோது கூடப் படித்த கொழும்புக்காரி ரெஜினாவைக் கட்டிக்கொண்டு, தொண்ணூறுகளில், சண்டை கடுமையாக நடந்த நாட்களில் கொழும்புக்குக் குடிவந்தேன். (அவள் தன் அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். நானோ பெரிய வீரன்.) அப்போது நாங்கள் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு ஒருவர் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போவதற்குக் கடதாசி எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே வருவதற்கு எழுதியவன் நான் ஒருவன்தான். வதிவிடச் சான்றிதழ் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பத்தைக் கிராம சேவகர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஃபோமைத் தலைகீழா நிரப்பிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

துணைவர் வீசா என்பது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சங்கதி. நிரந்தர வதிவிடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், நேரம் வரும்போது கிடைக்கும் என்பார்கள். அதுவரைக்கும் நான் அரை மனிதன். வங்கிக் கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் குடியுரிமை வேண்டும். நூலகத்தில் ஒரு நாவல் இரவல் எடுக்கவும் நாட்டின் பிரஜை ஒருவர் எனக்காகப் பிணை நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பிணை நின்றவர் அன்ரன், ரெஜினாவின் அண்ணன். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாலும் இருவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, அன்ரன் எனக்குச் சிங்களம் சொல்லிக்கொடுப்பார்.

"ஒரு விஷயம் தெரியாட்டி 'தன்னே நே'. ஒரு ஆளைத் தெரியாட்டி 'அந்துரன்னே நே'. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது மச்சான்."

நான் குழப்பவில்லை. வேண்டிய இடத்தில் மிகச் சரியாகத்தான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடு ஒவ்வொன்றும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். முத்திரை குத்திய பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் பிரதியை மாமி, ரெஜினாவின் அம்மா, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வீசா ஒப்பீஸில் அதையும் கேட்பார்கள் என்பதால் நான் அதை எடுத்து, என் கலியாணப் பத்திரம், இறந்துபோன மாமாவின் பெயரில் இன்னும் வந்துகொண்டிருந்த மின்சார பில் எல்லாவற்றோடும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், ஒன்றுவிடாமல் லாமினேட் செய்துவிட்டேன். படித்தவன் அல்லவா? ஒரு கடதாசியைக் கண்டால் அதைப் பாதுகாக்கத் தோன்றும். மாமி அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு மேசைக்கு விரிக்கலாம் போல கிடக்கு" என்றார்.

அன்று என் வீசா முடிய இரண்டு நாள் இருந்தது. ரெஜினா நிறைமாதம். அவள் போட வேண்டிய கையெழுத்தைப் போட்டுத் தந்துவிட்டாள். இரண்டாவது பிணையாளியாக அன்ரன் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். முந்தைய தடவை கவுண்டரில் இருந்த அம்மா சிங்களத்தில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னதை அன்ரன்தான் எனக்குத் தமிழில் சொல்லியிருந்தார்: "பொலிஸ் பிரச்சினை ஒண்டும் இருக்கக்கூடாதாம். சின்னதா ஏதும் இருந்தாலும் ஃபைலை மூடிப்போடுவாவாம். கவனமா இரும் மச்சான்."

கவனமாக இருந்தேன்.

காலையில் பஸ்ஸை வழக்கமான செக்பொயின்டில் நிறுத்தினார்கள். ஆண்கள் எல்லாரும் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்தபடி மணல்மூட்டைகளைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டும். என் இந்தியப் பாஸ்போட்டைப் பார்த்த பொலிஸ்காரர் கிரிக்கெட் பற்றி இரண்டு சொல் கதைத்துவிட்டு என்னை விட்டுவிட்டார். அடுத்தது அன்ரன். அங்கேதான் மாமியின் முதல் பிள்ளைப்பேறு குறுக்கே வந்தது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற வேண்டும் என்பது வழக்கம். மாமியின் தாய்வீடு மன்னார். வழக்கம் தவறாமல் அங்கே போய்ப் பெற்று, நாற்பதாம் நாள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிவிட்டார். அன்ரன் அதன்பிறகு மன்னார்ப் பக்கம் போனது ஒரு கலியாணத்துக்கும் இரண்டு செத்தவீட்டுக்கும்தான். ஆனால் அடையாள அட்டையின்படி அவர் மன்னாரில், அதாவது சண்டை நடக்கும் வடக்கில், பிறந்தவர். பொலிஸ்காரர் அந்த வரியிலேயே நின்றார். பிறகு பொலிஸ் பதிவைக் கேட்டார்.

அன்ரன் சாதாரணமாக என்னைக் காட்டி, "அது அவரிட்ட இருக்கு, என் தங்கச்சியின் புருஷன்" என்று சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"மெயாவ அந்துரனவாத?"

இவரைத் தெரியுமா என்று கேட்டார். கேள்வி விளங்கவில்லை என்று பிற்காலத்தில் ஓரிரு இடங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாக விளங்கியது. கவுண்டர் அம்மா ஃபைலை மூடும் சத்தம்தான் என் காதில் கேட்டது.

"அந்துரன்னே நே" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் சுத்தமான சிங்கள வசனம் அது. உச்சரிப்பில் தூத்துக்குடி துளியும் இல்லை. என் கக்கம் தானாகவே ஃபைலை இறுக்கிக்கொண்டது. அன்ரன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பாடம் சொல்லிக்கொடுத்தவர், மக்குப் பையன் சரியான விடை சொன்னதைக் கேட்டது போன்ற ஒரு முகம். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பஸ் ஹோர்ன் அடித்தது. நான் ஏறினேன். சீட்டில் அன்ரனின் குடை கிடந்தது. "உங்கடையா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஓம்" என்று எடுத்துக்கொண்டேன். ஆளைத் தெரியாது. குடையைத் தெரியும்.

வீசா ஒப்பீஸில் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கவுண்டர் அம்மா என் கடதாசிகளின் பின்பக்கம் 'மூலம் பார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அவருடைய பெருவிரலில் ஒட்டியது. இன்னொரு தடவை குத்தினார். இந்த முறை வளையலில். கடதாசிகளை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்கள் இரண்டாவது பிணையாளி எங்கே?" என்று கேட்டார்.

"பொலிஸில்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஃபைலை மூடினார். நான் நினைத்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. "அவரைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வாருங்கள். நாளைக்கு வராவிட்டால் பிறகு வர வேண்டாம்" என்றார்.

எந்தப் பொலிஸ் பிரச்சினைக்குப் பயந்து அவரைத் தெரியாது என்றேனோ, அந்தப் பிரச்சினையை நானே என் வாயால் கவுண்டரில் பதிந்துவிட்டு வெளியே வந்தேன். அன்ரனை மீட்கப் போனேன் என்றால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, கையெழுத்தை மீட்கப் போனேன். வழியில் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்து, அன்ரனைப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்று மாமியிடம் சொன்னேன்.

"நீங்க எங்க நிண்டனீங்க மருமகன்?"

"பக்கத்துலதான் மாமி."

"பக்கத்தில நிண்டு?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அன்ரன் ஒரு நீள வாங்கில் இருந்தார். சட்டை கசங்கவில்லை. ஆனால் முழங்காலில் வைத்திருந்த கைகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட வாங்குகளில் காலையில் உட்கார்ந்தவர்கள் பலர் மாலையில் வீடு திரும்பியதில்லை. அது அந்த வாங்கில் இருந்த அவருக்கும் தெரியும், பஸ்ஸில் ஏறிப் போன எனக்கும் தெரியும்.

நான் சார்ஜனிடம் லாமினேட் செய்த பதிவை நீட்டி, "இவர் என் மச்சான்" என்றேன். செக்பொயின்டில் என்னைக் கேட்ட பொலிஸ்காரரும் அங்கேதான் நின்றார். அவர் சார்ஜனின் காதில் ஏதோ சொன்னார். சார்ஜன் தனக்குத் தெரிந்த தமிழை எடுத்தார்.

"காலம தெரியாது. இப்ப மச்சான். பின்னேரம் வந்தா அப்பா சொல்றதா?"

என் பாஸ்போட்டை வாங்கி மேசை லாச்சியில் போட்டுக்கொண்டு, வாங்கைக் காட்டினார். நான் போய் அன்ரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளி இரும்" என்றார் அன்ரன். "தெரியாத ஆக்களோட ஒட்டி இருந்து எனக்குப் பழக்கமில்லை."

"மச்சான், நான்..."

"சிங்களம் நல்ல சுத்தம். மாஸ்டரைக் கண்டா நான் விசாரிச்சதெண்டு சொல்லும்."

அப்போது சார்ஜன் என்னைக் காட்டி அன்ரனிடம் அதே கேள்வியைக் கேட்டார். இவரைத் தெரியுமா? அன்ரன் ஒரு நிமிடமாவது என்னைத் தவிக்கவிட்டிருக்கலாம். அது அவருக்கு உரியது. அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று, என் தங்கச்சியின் புருஷன், எங்கள் வீட்டில் இருப்பவர், நல்ல மனிதன், கொஞ்சம் பயந்தவர் என்று சொன்னார். இவ்வளவு சிங்களம் எனக்கு விளங்கியிருக்க வேண்டாம்.

மாமி த்ரீவீலில் வந்து இறங்கினார். முதலில் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த குடையைப் பார்த்தார். சார்ஜன் நடந்ததை விளக்கமாக எடுத்துச் சொன்னார், நான் சொன்ன சொல்லையும் என் உச்சரிப்பிலேயே சேர்த்து. மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, நல்ல சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். அன்ரன் அதை எனக்குத் தமிழில் சொன்னார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது:

"என்ர மகனைத் தாங்கோ, மற்றவரை வேணுமெண்டா நீங்களே வைச்சிருங்கோ எண்டு சொல்லுறா."

சார்ஜன் இரண்டு கையையும் தூக்கி, "எபா அம்மே, எபா" என்றார். பாஸ்போட்டையும் தந்து இருவரையும் அனுப்பிவிட்டார். பொலிஸுக்கும் நான் வேண்டாமாம்.

மறுநாள் அன்ரன் இன்னொரு லீவு போட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். வீசா கிடைத்தது. அன்று மாலை ரெஜினா குழந்தைக்கென்று வாங்கிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த இடத்தில நான் நிண்டிருந்தா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பரிகாரம் செய்வது என்று தீர்மானித்தேன். செய்யத் தொடங்கினால் நான் அளவோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்பது லாமினேட் விஷயத்திலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எந்தச் செக்பொயின்டிலும், யாரும் கேட்கும் முன்னமே, அன்ரனின் தோளில் கை போட்டு, "மகே மஸ்ஸினா" என்று உரத்துச் சொன்னேன். என் மச்சான் என்று அர்த்தம். கேட்காமலே ஒருவன் உறவு சொன்னால் எந்தச் சிப்பாய்க்கும் சந்தேகம் வரும். இரண்டு பேரையும் ஓரமாக நிறுத்தி, பையைக் கொட்டி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். முன்பு அன்ரன் தனியாகப் போனால் ஐந்து நிமிடத்தில் தாண்டுகிற இடத்தில், என் பாசத்தால் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் ஒருநாள் அவர் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "மச்சான், உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்னைத் தெரியாதெண்டு சொல்லும். ஒப்பீசுக்கு நேரம் போகுது" என்றார்.

நான் சொல்லவில்லை. அன்றும் அரை மணி நேரம் நின்றோம்.

மகள் பிறந்தபோது அன்ரனே ஞானத்தகப்பன். நிரந்தர வதிவிடம் பல வருடம் கழித்து, நேரம் வந்தபோது வந்தது. அதற்கும் பிணை அவர்தான். மாமி கடைசிவரை மன்னிக்கவில்லை. மீன்குழம்பில் நடுத்துண்டு எப்போதும் அன்ரனுக்குப் போகும். "எனக்கு மாமி?" என்றால், "ஆரது?" என்பார்.

செக்பொயின்டுகள் போய்விட்டன. பகிடி போகவில்லை. கலியாணம், பெயர்சூட்டு, பிறந்தநாள், எந்த விருந்தானாலும் அன்ரன் எழுந்து என்னை அறிமுகப்படுத்துவார்: "இவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா முப்பது வருஷமா எங்கட வீட்டில சாப்பிடுறார்." உடனே நான் எழுந்து, பழைய குரலில், "மகே மஸ்ஸினா" என்று சொல்ல வேண்டும். பூசையில் சுவாமி ஒன்று சொல்ல, சனம் ஒன்று சொல்வதைப் போல. பேரப்பிள்ளைகள் அது ஏதோ செபம் என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போடுகிறார்கள்.

அன்ரன் தன் பங்கைச் சொன்னதுமே எல்லாரும் சிரித்துவிடுவார்கள். ரெஜினா மட்டும் சிரிக்கமாட்டாள். நான் எழுந்து என் பங்கைச் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சிரிப்பாள்.