ஈச்சம்பாயும் கெளுத்தி முள்ளும்

என் வாழ்க்கையில் மூன்று சபதம் எடுத்திருக்கிறேன். பீடியை விடுவது, மச்சானோடு பேசாமல் இருப்பது, உப்புக்கண்டத்தை நேரில் பார்ப்பது. முதல் இரண்டும் எத்தனை நாள் நின்றன என்பது எங்கள் குப்பத்துக்கே தெரியும். மூன்றாவதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அதுதான் வினை.

உப்புக்கண்டம் என்றதும் வாயில் எச்சில் ஊற வேண்டாம். அது ஆறு பேர் சேர்ந்து பாடுகிற ஒரு குழு. சினிமாவுக்குப் பாட மாட்டார்கள். ஒரு பறை, ஒரு கிதார், ஒரு தகர டப்பா, அப்புறம் வெண்ணிலா என்கிற பெண்ணின் குரல். அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, யார் வீட்டு அறையிலோ உட்கார்ந்து பதிவு செய்து, போன மாதம் 'ஈச்சம்பாய்' என்று எட்டுப் பாட்டு ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள். ஐந்தாவது பாட்டின் நடுவில் ஒரு நாய் குரைக்கும். வேண்டுமென்று வைத்தது இல்லை, தெருநாய். அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டிருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். வலை பின்னும்போது ஈச்சம்பாய். படகுக்கு வண்ணம் அடிக்கும்போது ஈச்சம்பாய். பல் தேய்க்கும்போதும் அதே.

"இன்னாய்யா, அந்த நாய் இன்னும் சாவலையா?" என்பாள் அமுதவல்லி. என் மனைவி. பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் சொன்ன விலையைக் குறைத்தவன் இதுவரை பிறக்கவில்லை.

"அது நாய் இல்லமே. கலை."

"நம்ம தெருவுல ஆறு கலை சுத்துது. அதுங்களுக்கும் ஒரு பாய் வாங்கிப் போடு."

இப்படிப்பட்டவளிடம் ரசனையைப் பற்றி என்ன பேசுவது? பேசுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்புக்கண்டம் பாடப்போகிறது, முதலில் பதிவு செய்கிற நூறு பேருக்கு இலவசப் பாஸ் என்று செய்தி வந்தபோது, மூச்சு விடாமல் பதிவு செய்தேன். பாஸ் என் போனுக்கு வந்தது. 'இருவருக்கு' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாடு.

எங்கள் ஏரியில் நல்ல இறால் வருகிற இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. சீட்டு எடுத்து வரிசை போடுவோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு வந்தவன் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏரியில்தான். கல்யாணத்துக்குப் போகணும், கட்சி மாநாட்டுக்குப் போகணும் என்று நாளை மாற்ற முடியாது. வீட்டில் சாவு விழுந்தால் மாற்றலாம். உடம்புக்கு முடியாவிட்டால் மாற்றலாம். பொய் சொல்லி மாற்றியது தெரிந்தால் அடுத்த சுற்று முழுக்கப் பாடு கிடையாது. கரையில் குந்திக்கொண்டு அடுத்தவன் வலையைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

என் வீட்டில் சாகிற மாதிரி யாரும் இல்லை. எனவே நான்தான் படுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏரியிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் பக்கத்து வீட்டு வேதாசலம் தாங்கிப் பிடித்திருந்தான். கெளுத்தி மீனின் முள் பாதத்தில் ஏறிவிட்டது என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் கெளுத்தி குத்தினவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லோரும் ஒரு தடவையாவது குத்துப்பட்டு அலறினவர்கள். ஊர்ப் பெரியவர் தெய்வசிகாமணி, எனக்குச் சித்தப்பா முறை, அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"நாளைக்கு வேதாசலம் கட்டட்டும். அவன் பாடு செவ்வாக்கெழம வருது, அத நீ எடுத்துக்க நீலமேகம். கால் முக்கியம்டா."

என் திட்டம் சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பஸ் ஏறுவது. பொன்னேரியில் நொண்டுவதை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறுவது.

அமுதவல்லி மார்க்கெட்டிலிருந்து வந்து என் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"முள்ளு எங்க?"

"நானே புடுங்கிப் போட்டுட்டேன்."

"வீக்கமே காணோமே?"

"உள்வீக்கம்."

"ஓகோ," என்றாள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். கெளுத்தி விஷத்துக்குச் சூடுதான் மருந்து. யாராலும் மறுக்க முடியாது. பொறுக்கிற சூடு என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யார் பொறுக்கிற சூடு என்று சொல்லவில்லை. காலை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் உண்மையாகவே அலறினேன். அந்த அலறல் கேட்டு, ஊரில் கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர்கூட நம்பிவிட்டதாக வேதாசலம் பிறகு சொன்னான். அப்புறம் மஞ்சளை அரைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்து முட்டிவரை கட்டினாள். கால் ஒரு தூண் அளவுக்கு ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். தெய்வசிகாமணி சித்தப்பா உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே அமுதவல்லி வந்தாள். மாம்பழ நிறப் புடவை. தலை நிறையப் பூ. அவளோடு மார்க்கெட்டில் கடை போடுகிற செல்வம்மாள் வாசலில் செருப்போடு தயாராக நின்றாள்.

"மாமா," என்றாள் அமுதவல்லி, குரலில் தேன் சொட்ட. "இவுரு ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போவணும்னு உசிரா இருந்தாரு. பாஸ் கூட வாங்கி வச்சிருக்காரு. பாவம், கால் இப்படி ஆயிடுச்சு. பாஸ் வீணாப் போவ வேணாமேன்னு நானும் செல்வம்மாவும் போயி, போன்லயே இவருக்குக் காட்றோம். அதுவரிக்கும் இவர நடக்க வுடாம பாத்துக்கறீங்களா?"

சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தப் பொம்பளடா புருசனுக்காக இவ்ளோ தூரம் போவும்?"

"இல்ல சித்தப்பா, நான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு..."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம, பெரிய டாக்டர் இருக்க மாட்டாரு," என்றாள் அமுதவல்லி. "போனக் குடுய்யா."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா என் காலைப் பார்த்தார். எழுந்து நாலு எட்டு நடந்தால் பாஸ் என்னுடையது. ஆனால் அந்த நாலு எட்டோடு அடுத்த சுற்றுப் பாடு போய்விடும். போனைக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஐயோ என்று முனகிவிட்டேன். வலி என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார்.

அன்று பகல் முழுக்க அவர் தன்னைக் குத்திய கெளுத்திகளைப் பற்றிச் சொன்னார். மொத்தம் ஒன்பது கெளுத்தி. நாலாவது கெளுத்தி வரும்போது எனக்கு உண்மையாகவே கால் வலிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் சித்தப்பாவின் போன் அடித்தது. வீடியோ. மேடை தெரிந்தது. பறை தெரிந்தது. தகர டப்பா தெரிந்தது. பிறகு படம் திரும்பி, அமுதவல்லியின் முகம். ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரி விடாமல் அவளும் கூடவே பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. நாய் குரைக்க வேண்டிய இடம் வந்தது. மேடையில் நாய் இல்லை. அரங்கமே அமைதியாக இருந்தபோது என் மனைவி வாயைக் குவித்து இரண்டு தடவை குரைத்தாள். வெண்ணிலா சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினாள். சித்தப்பா ஆசீர்வாதம் செய்துவிட்டுக் கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிமே கண்டுபுடிச்ச?"

"நேத்து நான் சுடுதண்ணி வெக்கிறப்ப படுத்துக்கினே முணுமுணுத்தியே, ரெண்டாவது பாட்டு. கெளுத்தி குத்துனவன் சாமியக் கூப்புடுவான், அம்மாவக் கூப்புடுவான். பாட மாட்டான்." கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். "பாஸ் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். ரெண்டு பேருன்னு போட்டிருந்துச்சு. பத்து நாளா எப்ப என்னக் கூப்புடுவியோன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"உனுக்குத்தான் புடிக்காதே?"

"ஒரு மாசமா ஒரு நாளைக்குப் பதினஞ்சு வாட்டி கேட்டா கல்லுக்கும் புடிக்கும்யா. எனக்குப் புடிக்குதான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. தப்புதான். தப்பு என்று சொன்னேன். அவள் காலில் இருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டாள். அவள் கை இதமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் இவ்வளவு நிம்மதியாகத் தோற்றதில்லை.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள். "அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து பேசிச்சு. எந்த ஊருன்னு கேட்டுச்சு. நம்ம ஊருக்கே வந்து பாடறாங்களாம். கடக்கரையில. காசு கூட வாணாமாம்."

நான் இரண்டு காலிலும் எழுந்து நின்றுவிட்டேன். உப்புக்கண்டம், எங்கள் கரையில், என் படகுக்குப் பக்கத்தில். "எப்பமே? எப்ப வராங்க?"

"தேதி நீங்களே சொல்லுங்கன்னாங்க. வெரல் விட்டு எண்ணிப் பாத்து, அடுத்த சுத்துல உன் பாடு என்னிக்கி வருதோ அந்த நாளச் சொல்லிட்டேன். கவலப்படாத, கடக்காத்து ஏரிப் பக்கந்தான் அடிக்கும், வலையப் புடிச்சிக்கினே கேளு."