மூன்று தடவை விழுந்த பயில்வான்

திருவண்ணாமலையில் குஸ்திக்கு வர்ணனை சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் குஸ்தி தெரியாது.

வேங்கிக்காலில் நாங்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த ஆண்கள் விடுதிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாணென்று வந்துவிடுவார். பெயர் யாருக்கும் தெரியாது. அறிவிப்பு அண்ணன், அவ்வளவுதான். சவுண்டு சர்வீஸில் வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவார்.

விடுதி டிவியில் அமெரிக்கக் குஸ்தி ஓடும். வர்ணனை இங்கிலீஷில். அந்த வேகம் எங்களில் ஒருவருக்கும் பிடிபடாது. ஒருநாள் அண்ணன் டிவி சத்தத்தை அணைத்துவிட்டுத் தானே ஆரம்பித்தார். கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில். அதுதான் மைக்.

"கருப்பு ஜட்டி, மொட்டைத் தலை, வலது கையில் பச்சை குத்தியுள்ள நபர், சிவப்பு ஜட்டி அணிந்த நபரின் கழுத்தைப் பிடித்துள்ளார்!"

ஆளுக்கு அடையாளம் சொல்லியே பழகியவர், வேறு எப்படிச் சொல்வார்?

அத்தோடு விட்டாரா? நடந்துகொண்டே கேட்பவர்கள் காதில் விழ வேண்டுமே என்று, பாதையில் எதையும் மூன்று தடவை சொல்வது அவர் வழக்கம். இங்கேயும் ஒரு குத்துக்கு மூன்று அறிவிப்பு. மூன்றாவது தடவை "கீழே விழுந்துள்ளார்" என்று முடிப்பதற்குள் விழுந்தவர் எழுந்து, ஜெயித்து, பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டிருப்பார்.

"அண்ணா, மேட்ச் முடிஞ்சிடுச்சு!"

"இருப்பா, அந்தாளுக்கு அடி ஜாஸ்தி. அவங்க வீட்டு ஆளுங்களை வரச் சொல்லிட்டு முடிச்சிடறேன்."

சொல்லவும் செய்வார். எப்பேர்ப்பட்ட அயோக்கிய வில்லனாக இருந்தாலும் சரி, நாற்காலியால் முதுகில் ஒன்று வாங்கிவிட்டால் போதும், அவனுடைய தாயாரை உடனே மேடைக்கு அருகில் வரச் சொல்லி அழைப்பு. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சிக்கினு அடிச்சிக்கறாங்கண்ணா" என்றான் என் அறைத்தோழன் குமார்.

"ஜெயிக்கறது பேசி வச்சிருக்கலாம்பா. அவ்ளோ மேலேந்து விழறானே, முதுகுகிட்டயும் பேசி வச்சிட்டானா?"

குமார் திரும்பி, டிவியில் விழுந்து கிடந்தவன் முதுகைப் பார்த்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியிலேயே தமிழ் வர்ணனை வந்துவிட்டது. அந்த ஆள் சூரன். பிடிகளின் பெயர், பயில்வான்களின் பழைய பகை எல்லாம் விரல் நுனியில். குத்து விழும் முன்பே "அடேங்கப்பா!" என்று அலறினார். அண்ணன் எண்ணெய் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

கிரிவலப் பாதையில் அவர் குரலைக் கேட்ட அத்தனை ஜனத்தில் ஒருவரும் நின்று அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எங்கள் விடுதியில்தான் பன்னிரண்டு பேர் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதுவும் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

குமார் ஓட்டெடுப்பு வைத்தான். "டிவிக்காரர் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

பன்னிரண்டு கையும் எழுந்தன. அண்ணன் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டுத் தானும் கை தூக்கினார்.

"நல்லா பேசறாருப்பா. கரெக்ட் டைமுக்குப் பேசறாரு. சவுண்டு கம்மியா இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க."

அதற்கப்புறமும் ஞாயிறு தவறாமல் வந்தார். முன்னால் உட்கார்ந்து, டிவிக்காரர் நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் முதலில் கைதட்டுபவர் அவர்தான்.

இப்போது என் வீட்டில் பெரிய டிவி. வர்ணனைக்கு இரண்டு பேர், மூன்று பேர். யார் ஜெயித்தது என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறார்கள். விழுந்தவன் என்ன ஆனான் என்றுதான் ஒருவரும் கேட்பதில்லை. அப்போதெல்லாம் அண்ணன் ஞாபகம் வந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

அன்றைக்கு அவர் பக்கம் ஒரு கையாவது இருந்திருக்க வேண்டும். அது என்னுடையதாக இருந்திருக்கலாம்.