சண்முகப்ரியா கண்ணாடி போட்ட சேதி

நெய்வேலி, பிளாக் 19.

மரியாதைக்குரிய மச்சான் சிங்காரவேல் அவர்களுக்கு, பன்னீர்செல்வம் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை சந்திராவும் பிள்ளையும் சுகம். சேத்தியாத்தோப்பில் அக்காவும் பிள்ளைகளும் நலமா? போனில் சொல்லி அடங்காத சேதி, அதனால்தான் தபால்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். நம்ம சண்முகப்ரியா எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று சொல்லி, ‘பார்வை அருமை’ என்று சீட்டு வாங்கி வந்தாள். நான் அதை மைன்ஸில் ஷிப்ட் முழுக்கக் காட்டி மிக்சர் கொடுத்தேன் மச்சான். மறு வாரமே அவள் பள்ளிவிட்டு அடுத்த வரிசை குவார்ட்டர்ஸுக்குள் போய், “அம்மா, பசிக்குது” என்று உட்கார்ந்துவிட்டாள். அது லூசியம்மாள் வீடு. இரண்டு தோசை உள்ளே போன பிறகுதான் இவளுக்கே சந்தேகம் வந்ததாம். எல்லா வீடும் ஒரே அச்சுதானே என்று நான் சமாதானம் சொன்னேன். உங்கள் தங்கை விடவில்லை. “வூட்டு நம்பர் கூடவா அதுக்குத் தெரியல? சாக்கு சொல்லிக்கினு இருக்காதீங்க, கெளம்புங்க டாக்டர்கிட்ட!”

மந்தாரக்குப்பத்துக் கண் டாக்டர் பிள்ளையின் இடது கண்ணை மறைத்துவிட்டுத் திரையில் போட்டது எழுத்தே இல்லை மச்சான். வாத்து, குடை, வீடு! இவள் அசராமல் “ஈ, எஃப், பி, டி, ஓ, இஸட்” என்கிறாள்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“அப்பாதான். மைன்ஸ்ல மெடிக்கல் டெஸ்ட் வந்தா ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் சொல்லிக்கினே இருப்பாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். சந்திராவும் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, வலது கண்ணில் ரொம்பவே மோசமாம். இப்படியே விட்டிருந்தால் பிறகு கண்ணாடி போட்டும் சரிவராமல் போயிருக்கலாம், நல்லவேளை வந்தீர்கள் என்றார். என் குளியலறை ஒப்பிப்பால் பிள்ளையின் கண் போயிருக்குமே! நேற்று கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியவள், தூரத்து அனல்மின் நிலையத்தைப் பார்த்து, “அப்பா, சிம்னியில செவப்புப் பட்டை அடிச்சிருக்காங்க! எப்போ அடிச்சாங்க?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

ஆகவே மச்சான், அட்டையை மனப்பாடம் செய்து டாக்டரை ஏமாற்றுவது மகா பாவம். பள்ளிச் சீட்டை நம்பி இருந்துவிடாமல் உங்கள் பிள்ளைகளையும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். எல்லார் கண்ணும் குளிர்ச்சியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பன்னீர்செல்வம்

பி.கு.: வருகிற வியாழன் எனக்கு மெடிக்கல். அட்டையை மாற்றிவிட்டார்களாம். உங்கள் மைன்ஸில் போன வாரமே உங்களுக்கு முடிந்ததே, புது அட்டையின் கடைசி இரண்டு வரியை உடனே எழுதி அனுப்பவும். கொட்டை எழுத்தில்.

மாமா, தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். நான் படித்துவிட்டேன். அந்த இரண்டு வரியையும் தப்புத் தப்பாக எழுதி அனுப்புங்கள். அப்பாவுக்கும் கண்ணாடி கிடைக்கட்டும். – பிரியா