ஆடி வெள்ளியில் அலைந்த வெள்ளணுக்கள்

பயாலஜி எடுக்கப் போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

மேனாம்பேட்டில் ஒரு பள்ளியில், டீச்சர் வேலைக்காக டெமோ வகுப்பு. அப்பா முந்தின நாளே கம்பெனியில் தன் ஷிப்ட் முழுக்க, “பொண்ணு டீச்சராய்ட்டா” என்று மைசூர்பாகு கொடுத்துவிட்டார். (வேலை கிடைக்காவிட்டால் அவர் வேறு ஷிப்ட்தான் தேட வேண்டும்.)

பாடம்: நிணநீர் முடிச்சுகளுக்கும் உடம்பின் மற்ற இடங்களுக்கும் நடுவே வெள்ளணுக்கள் போய்வருவது. போர்டில் நாலு அம்புக்குறி போட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் அடங்காதே. பள்ளிக்கூடத்தையே உடம்பாக்கினேன். மைதானம், காயம்பட்ட தோல். மாடியிலிருந்த வகுப்பறை, நிணநீர் முடிச்சு. பின்பக்கப் படி நிணநீர்க் குழாய், முன்பக்கப் படி ரத்தக்குழாய். கிருமி, சிவப்புத் துணி போர்த்திய லோகேஷ். வகுப்பிலிருந்த மற்ற பிள்ளைகள் வெள்ளணுக்கள்.

தோலில் காவலிருக்கும் செல்லாகத் திவ்யா. கிருமியின் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, பின்படி ஏறி வந்து காட்டினாள்.

“மிஸ், போய்ப் புடிச்சிரலாமா?”

“முதல்ல பெருகணும். பக்கத்து கிளாஸ்ல ஆள் சேர்த்துக்கோங்க. அப்புறம் கீழ போய், சிவப்பா எது இருந்தாலும் வளைச்சிடுங்க. விடவே கூடாது.”

பெருகினார்கள். மாடியே காலியானது. லோகேஷோ துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

அன்று ஆடி வெள்ளி. பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்ற, பள்ளியின் தாளாளரம்மா கோயில் பெண்களோடு கேட்டுக்குள் நுழைந்தார். எல்லோரும் செக்கச் செவேலென்று சிவப்புப் புடவையில்.

“இன்னாடா இது, வழி உடுங்கடா,” என்றார் கூழ் அண்டா பிடித்திருந்த அக்கா.

“விட முடியாதுக்கா. நீங்க கிருமி.”

மாடியிலிருந்து எனக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. “சூப்பர், அப்படியே வெளிய தள்ளுங்க,” என்று கத்தினேன். தள்ளினார்கள். கூழ் தாளாளரம்மாவின் மடியில் இறங்கியது.

அவர் புடவையைப் பிழிந்தபடியே என்னைக் கூப்பிட்டார். “பசங்களுக்குப் பாடம் நல்லா புரிஞ்சிருக்கும்மா. என் ஸ்கூல்லருந்து என்னையே தள்ளிட்டாங்க. இப்ப நீ கிளம்பு.”

அப்பா ஷிப்ட் மாறவில்லை. நடந்ததைத் தானே சொல்லி, அதற்கும் காராபூந்தி கொடுத்தார்.

இன்றும் ஆடி வந்தால், அம்மா சிவப்புப் புடவையில் கோயிலுக்குக் கிளம்பும்போது என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் “போலாமாங்க?” என்பாள்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். “தைரியமா போ. பக்கத்து ஊடு பூட்டிகீது. அவளால ஆள் சேர்க்க முடியாது.”