வானத்தை ரிஜெக்ட் செய்தவன்

ஓசூர் சிப்காட்டில் நட்டிருக்கும் அத்தனை லைட் கம்பங்களிலும் நெற்றியை முட்டிக்கொண்ட ஒரே மனிதன் நீலம்தான். குடித்துவிட்டு அல்ல. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததால்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நானும் கிருஷ்ணகிரிக்காரனான அவனும் ஒரே மாடி அறையில் குடியிருந்தோம். வண்டி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் தரம் பார்ப்பது அவன் வேலை. ஒருநாள் 'ஸ்கை ப்ளூ' அடித்த தகடு ஒன்றை வெளியே எடுத்துப்போய், வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "சார், ரெண்டும் மேட்ச் ஆகல" என்றிருக்கிறான்.

"அப்ப வானத்த ரிஜெக்ட் பண்ணுய்யா" என்றார் சூப்பர்வைசர். எரிச்சலில் சொன்னது. இவன் உத்தரவாக எடுத்துக்கொண்டான். ரிஜெக்ட் செய்வதற்கு முன் மேலே என்ன பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தான். 'நீலம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தளி பஸ்ஸில் கண்டக்டரைப் பிடித்தான். "கடலோட கலருதான் மேல தெரியுது. டிக்கெட் எடு" என்றார் அவர்.

"ஓசூர்ல கடல் ஏதுங்கண்ணா? கிட்ட இருக்கிறது ஏரிதான். அது தெரிஞ்சா வானம் பாசி கலர்லல்ல இருக்கணும்?"

கண்டக்டர் விசில் ஊதினார். மீதித் தூரத்தை நாங்கள் நடந்தோம்.

கடைசியில் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, குளித்துக்கொண்டிருந்த என்னைக் கதவைத் தட்டி வெளியே வரவைத்தான். "டேய், மேல பெயிண்டே இல்லடா! வெயில்ல எல்லாக் கலரும் கலந்து வருது. காத்துல மோதுறப்ப சிவப்பு நேரா போயிடுது, நீலம் மட்டும் நாலா பக்கமும் செதறுது. எந்தப் பக்கம் பாத்தாலும் அதான் கண்ணுல விழுது!"

நான் சோப்பு நுரையோடு நம்பினேன். அவனுக்கு அது போதவில்லை. நிரூபிக்க வேண்டுமாம். தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து டார்ச் அடித்தால், பக்கவாட்டில் லேசாக நீலம் தெரியுமாம். நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் ஒரு டம்ளர் பால் வாங்கினான். தண்ணீர் கேட்கத் திரும்பியவன், சும்மா ஒரு முறை டார்ச்சை அடித்துப் பார்த்தான். நீலம் தெரிந்தது.

"அக்கா, தண்ணி வேணாம்! நீங்களே கலந்துட்டீங்க!" என்று மெஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பாராட்டாகத்தான் சொன்னான்.

மெஸ்காரக்கா கன்னடக்காரர். "நன்ன ஹாலல்லி நீரா?" என்று கரண்டியோடு வந்தார். என் பாலில் தண்ணீரா என்று கேட்கிறார் என்பது யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பிரெட்தான்.

இதற்கிடையே அவன் அம்மா பெண் தேடிக்கொண்டிருந்தார். போன இடத்திலெல்லாம் இவன் பெண்ணிடம் வானத்தைப் பற்றிக் கேட்டு, கேசரி வருவதற்குள் சம்பந்தத்தை முறித்துவிடுவான். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளி விவசாயி வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவன் வாயத் தொறந்தா கால மிதிச்சுடுப்பா. எனக்குப் போற வீட்டுல எல்லாம் தலை குனிஞ்சு வர முடியல."

மிதித்தேன். செருப்பு தேயும் அளவுக்கு மிதித்தேன். ஆனாலும் பெண் காபி கொடுத்ததும் கேட்டுவிட்டான். "வானம் ஏங்க நீலமா இருக்குது?"

பெண்ணின் அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். "மழ இல்ல, அதான். தக்காளி காயுது."

விடுவானா? சிதறல் முழுவதையும் விளக்கினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெண் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஊதா இன்னும் அதிகமா செதறணுமே, அது ஏன் தெரியல?" என்றாள்.

அதுவரை அவனை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. செல்போனை எடுத்தான். சிக்னல் இல்லை. எழுந்து வெளியே ஓடினான்.

"வீடு பிச்சோடா?" என்று பெண்ணின் அப்பா தெலுங்கில் என்னைக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "சொந்த வீடுதாங்க. மாடிகூட எடுக்கலாம்" என்றேன். இவன் பைத்தியமா என்று கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசலில் அடுக்கியிருந்த தக்காளிப் பெட்டிகளின் உச்சியில் நின்று மாப்பிள்ளை சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். "இறங்குடா!" என்று அம்மா கத்தினார். அவன் இறங்கவில்லை, உள்ளே இறங்கினான். பெட்டி உடைந்தது. முழங்கால் வரை தக்காளியோடு நடுக்கூடத்தில் வந்து நின்றான்.

"ஊதாவும் செதறுதுங்க. ஆனா வெயில்ல அது கம்மி. நம்ம கண்ணுக்கும் அது சரியாத் தெரியாது."

அவள் அவன் காலைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாமதான் கேட்டேன்" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "இவங்க வேணாம்னு சொல்லிடாதீங்கப்பா" என்றாள். அவன் அம்மா அழுதுவிட்டார். நானும்தான், எங்கள் மேல் கேஸ் போடுவார்கள் என்றல்லவா பயந்திருந்தேன்.

இப்போது அவன் ராயக்கோட்டையில் குடியிருக்கிறான். மாலையில் இருவரும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து உரக்கச் சண்டை போடுவதாகவும், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் நின்று கேட்பதாகவும் தகவல்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நானும் அண்ணாந்து பார்க்கிறேன். வானம் நீலமாகத்தான் இருக்கிறது. நீலம்தான் பக்கத்தில் இல்லை.