இலை உதிராத தாலுக்கா

“ஸ்ரீபெரும்புதூர் தாலுக்காவில் இலையுதிர் காலம் என்ற ஒன்று இருந்ததுமில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. அப்படி ஒன்று வரப் பார்த்தாலும் ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்ட விடமாட்டோம்.”

கார் சீட் செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில், ஒரு கையில் சாம்பார்க் கிண்ணத்தோடு நின்று ஜீவானந்தம் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. தேர்தலில் நிற்பவன் சிரிக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

மணிமங்கலத்துக்காரன்; மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வெள்ளிக்கிழமை கேண்டீன் கமிட்டி செயலாளர் தேர்தல். போன வருடம் குவாலிட்டியில் இருக்கும் சசிகலாவிடம் மூன்றே ஓட்டில் தோற்றான்; இந்த முறையும் அவள்தான் போட்டி. தோற்ற அன்று மதியம் கேண்டீனில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார்கள். அவன் தட்டிலும் ஊற்றினார்கள். அந்தப் பாயசத்தை ஒரு வருடமாக அவனால் விழுங்க முடியவில்லை. இந்த முறை தோற்றால் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை என்று முடிவு செய்திருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் திங்கட்கிழமை ஹெச்.ஆர். அமலா ஒரு பென் டிரைவோடு வந்தார். தலைமை அலுவலகம் கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் நாட்டில் இருக்கிறது. அங்கே இப்போது இலை உதிர்கிறதாம். ஆகவே எல்லா ஊர்த் தொழிற்சாலைகளிலும் ஒரு மாதம் சாப்பாட்டு நேரத்தில் இலையுதிர் கால மனநிலைக்கேற்ற இசை போட வேண்டுமாம். இருபது ஆல்பம் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேண்டீன் ஸ்பீக்கர் மக்கர் செய்யும்போதெல்லாம் அதை எந்த இடத்தில் தட்டினால் பாடும் என்று தெரிந்த ஒரே ஆள் ஜீவானந்தம் என்பதால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது.

“இங்க காலம் மூணுதான் மேடம். வெயிலு, ரொம்ப வெயிலு, செம்பரம்பாக்கம் ஏரிய தொறப்பாங்களா மாட்டாங்களான்னு டிவி பாக்கற காலம். இதுல இலைக்கு நான் எங்க போறது?”

“இலை வேணாம் ஜீவா. பாட்டு மட்டும் போதும்” என்றார் அமலா.

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஜன்னலோரம் குந்திகினு, காதுல ஒயர மாட்டிகினு, வெளிய வெறிச்சிப் பாத்துகினு மூஞ்சைத் தொங்கப் போடுகிறவனுக்குத்தான் பருவத்துக்கு ஒரு பாட்டு தேவை என்றான். உழைக்கிறவன் சோறு தின்னும்போது பாட்டு அவன் காதில் ஏறாது என்றான். கடைசியாக, முந்நூறு பேர் முன்னிலையில் ஒரு சபதமும் செய்தான்.

“இந்தப் பாட்டக் கேட்டு ஒருத்தன், ஒரே ஒருத்தன், சோத்த வுட்டு எழுந்தான்னா நான் தேர்தல்லேர்ந்து வெலகிக்கறேன்.”

“எழுதிக் குடுப்பீங்களா ஜீவாண்ணா?” என்றாள் சசிகலா.

டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அவள் அதை நான்காக மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை இருபது ஆல்பங்களையும் ஓடவிட்டுப் பார்த்து, இருப்பதிலேயே உதவாத ஒன்றைப் பொறுக்கினான். பியானோ மாதிரி ஏதோ ஒன்று, யாரோ படியில் மெதுவாக இறங்குவதுபோல் வாசித்தது. மூன்று முறை திரும்பக் கேட்டான். மூன்று முறையும் உதவாததாகவே இருந்தது. திருப்தியாகத் தூங்கினான்.

இங்கே பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் நான்கு லைன். எந்த லைனில் கோளாறு என்றாலும் மேலே தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் அந்த லைனின் பெட்டி தனக்கென்று உள்ள ட்யூனை வாசிக்கும். ட்யூன் கேட்டதும் அந்த லைன் ஆட்கள் எங்கே இருந்தாலும் லைனுக்கு ஓட வேண்டும். ஷிப்ட் முடிவதற்குத் தனியாக ஐந்தாவது ட்யூன் ஒன்று உண்டு. எட்டு வருடம் முன்பு மாட்டிய பெட்டிகள். அப்போது ஜீவானந்தம் ட்ரெய்னி. ஏணி பிடித்ததைத் தவிர வேறெதுவும் அவனுக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை முட்டை நாள். ஆல்பத்தின் முதல் பாட்டு ஓடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டுக்கு ஒருவர் ஏப்பம் விட்டார். ஜீவானந்தம் சசிகலாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது.

இரண்டாம் லைனின் அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பிசைந்த சோறு பிசைந்தபடி கிடக்க, சாம்பார்க் கையோடு கதவைப் பார்த்து ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால், ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீவானந்தம் ஓடினான்.

லைன் அணைந்து கிடந்தது. கயிற்றை யாரும் இழுத்திருக்கவில்லை; பாட்டுதான் இரண்டாம் லைன் பெட்டியின் ட்யூனாக இருந்தது. ஒரு ஓரமாகச் சூப்பர்வைசர் நடேசன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபது பேர் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்து, ஊறுகாய் வேண்டுமா என்பதுபோல டப்பாவை நீட்டினார். அதிகம் பேசுகிற மனிதரில்லை.

திரும்பி வந்தபோது கேண்டீன்காரர்கள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டிருந்தார்கள்.

“எண்ணே, தட்டக் காணும்” என்றான் தென்காசிப் பக்கமிருந்து வந்து சேர்ந்த வேல்ராஜ். “முட்டைய கடைசில திங்கலாம்னு வச்சிருந்தம்ணே.”

சசிகலா உறையிலிருந்து டிஷ்யூவை எடுத்தாள்.

“அவங்க பாட்டக் கேட்டு எழுந்துக்கல. வேலைன்னு நெனச்சி எழுந்தாங்க. இது வேற கேசு” என்றான் ஜீவானந்தம்.

“மொதல்ல ஓடுனது நீங்கதாண்ணா.”

“நான் மெயின்டனன்ஸ். எனக்கு அது வியாதி.”

விவகாரம் நடேசனிடம் போனது. வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சுருக்கமாக முடித்தார். பாட்டையே நிறுத்திவிடலாமே என்றார் அமலா. ஜீவானந்தம் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்தினால் பாட்டு ஜெயித்ததாகிவிடும். பாட்டு அதன் இடத்தில் இருக்கட்டும், மாற வேண்டியது பெட்டி என்றான்.

புதன்கிழமை காலை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே, இரண்டாம் லைன் பெட்டியில் இருந்த ட்யூனை எடுத்துவிட்டு நம்ம ஊர்ச் சரக்காக ஒன்றை ஏற்றினான். கல்யாண வீட்டுக் கெட்டிமேளம். இதைக் கேட்டும் ஓடாத தமிழன் உண்டா என்று கேட்டான்.

பத்தரை மணிக்குத் தையலில் நூல் சிக்கியது. கயிற்றை இழுத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. யாரும் ஓடவில்லை. ஓடுவதற்குப் பதிலாக எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு, யார் தொடங்கியது என்று கடைசிவரை தெரியவில்லை, கைக்கு எட்டிய ஃபோம் துண்டுகளைக் கிள்ளி மிஷினின் மேல் அட்சதையாகப் போட்டார்கள். மேளம் அடங்கும் வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். அதற்குள், யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்த மற்ற மிஷின்களில் நாற்பது சீட்டுக்கு முதுகுப் பக்கத் துணி முன்பக்கமாகத் தைத்து முடிந்திருந்தது.

நடேசன் அந்த நாற்பது சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “நல்ல முகூர்த்தம்” என்று மட்டும் சொன்னார்.

மாலைக்குள் பழைய ட்யூன் பெட்டிக்குத் திரும்பியது. இனி மாற வேண்டியது ஆல்பம்தான். ஆனால் அதை இலையுதிர் காலத்துக்குப் பணிந்ததாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஜீவானந்தம் கேண்டீன் பலகையில் எழுதிப் போட்டான். இரவுச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு மீதிப் பத்தொன்பதையும் கேட்டான். நான்கு லைனின் ட்யூனும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தான். அதையும் மூன்று முறை கேட்டான்.

நான்கு ட்யூனைத்தான் தேடினான். ஐந்தாவதை மறந்துவிட்டான்.

வியாழக்கிழமை பதினொன்றே முக்கால் மணிக்கு, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், ஷிப்ட் முடியும் ட்யூன் கேண்டீன் ஸ்பீக்கரில் ஒலித்தது. எல்லோரும் கை கழுவினார்கள். பையை எடுத்தார்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் தாண்டவராயன் கண்ணைத் திறக்காமலேயே சாவியைத் திருப்பினார். செக்யூரிட்டி கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். சுதாரித்தவர்கள் பாதியில் இறங்கிக்கொண்டார்கள். மீதி நாற்பத்து மூன்று பேரோடு பஸ் ஒரகடம் ரோட்டில் ஏறியது.

மூன்றாவது சீட்டில் ஜீவானந்தம் கேட் தாண்டும் முன்பே தூங்கிப்போயிருந்தான். படப்பையில் இறங்கி, உச்சந்தலையில் அடித்த வெயிலைப் பார்த்து, “இன்னாண்ணா, இன்னிக்கி சாயங்காலம் இம்மாம் வெயிலு” என்றான்.

தாண்டவராயன் அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீவானந்தமும் பார்த்தான். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் பஸ்ஸைத் திருப்பினார்கள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அமலா தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டார். வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, அதை அமலா கேண்டீனில் எல்லோருக்கும் தமிழில் சொன்னார்.

இந்தத் தொழிற்சாலையின் ஐந்து ட்யூன்களும் அந்த நாட்டின் இலையுதிர் காலப் பாட்டுகளாம். அங்கே இவற்றைக் கேட்டால் ஓடுகிறவன்கூட உட்கார்ந்துவிடுவானாம். எட்டு வருடம் முன்பு பெட்டியோடு இருநூறு ட்யூன் அனுப்பினார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் சங்குச் சத்தத்தையும் மணிச் சத்தத்தையும் எடுத்துக்கொள்ள, இங்கே இருந்த யாரோ ஒருவர் மட்டும் இந்த ஐந்தைப் பொறுக்கியிருக்கிறார். இலையே உதிராத ஊரில் இப்படி ஒரு ரசிகரா என்று அங்கே இன்றுவரை பேசிக்கொள்கிறார்களாம். இந்த வருட இலையுதிர் கால இசைத் திட்டமே அந்த மனிதரை நினைத்துத் தொடங்கியதுதானாம். அவர் பெயர் தெரிந்தால் கௌரவிக்க விரும்புகிறார்களாம்.

தோற்கவிருந்த தேர்தல் திரும்பி வந்து தன் காலடியில் நிற்பதை ஜீவானந்தம் கண்டான். பெஞ்சின் மேல் ஏறினான்.

“கேட்டுக்கினீங்களா? நம்ம முட்ட போச்சி. நாப்பது சீட்டு போச்சி. பஸ்சு படப்பை போயி வந்துது. எல்லாத்துக்கும் எவனோ ஒரு ரசிகன்தான் காரணம். நான் ஜெயிச்சி வந்தா அவன கண்டுபுடிக்கறேன். கௌரவிக்கணுமா? நான் கௌரவிக்கறேன். ஒரு மாசம், இந்த முந்நூறு பேர் தட்டையும் அவன் கழுவணும்.”

வேல்ராஜ்தான் முதலில் கை தட்டினான். தட்டியதில் முட்டையின் துக்கம் தெரிந்தது.

நூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜீவானந்தம் ஜெயித்தான். மதியம் பாயசம் ஊற்றினார்கள். இரண்டு கிண்ணம் குடித்தான். செயலாளராக அவன் போட்ட முதல் உத்தரவு, இலைப் பாட்டுக்கு நிரந்தரத் தடை. பென் டிரைவைச் சாட்சிப் பொருள் என்று தானே எடுத்து வைத்துக்கொண்டான்.

சசிகலா வந்து வாழ்த்தினாள். உறையிலிருந்த டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

“வாய் தொடச்சிக்கோங்கண்ணா. பாயசம் ஒட்டிகினு கீது.”

சாயங்கால பஸ்ஸில் கூட்டம் வெற்றிக் களைப்பில் தூங்கியது. வெளியே தூறல். ஜீவானந்தம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். விசாரணையை இன்றே தொடங்கிவிடுவது நல்லது என்று தோன்றியதால், பென் டிரைவில் இருந்ததை மதியமே போனில் ஏற்றியிருந்தான். காதில் ஒயரை மாட்டினான். மூன்றாவது பாட்டை வைத்தான். முடிந்ததும் மறுபடி வைத்தான். கண்ணாடியில் தூறல் வழிய, ஒரகடம் ரோட்டின் லாரிகளையும், மனை விற்பனைப் பலகைகளையும் தாண்டி எதையோ பார்த்தான். எங்கும் ஒரு இலையும் விழவில்லை. அது அவனுக்கு இலேசாக ஏமாற்றமாக இருந்தது.

பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். நடேசன். அவன் காதிலிருந்து ஒரு ஒயரை மெதுவாக எடுத்துத் தன் காதில் வைத்து, பாட்டு முடியும் வரை கேட்டார். பிறகு அதைத் துடைத்து அவனிடமே கொடுத்தார்.

“பொட்டி வந்த அன்னிக்கி ட்ரெய்னிய கூப்ட்டு, ‘காது கிழியற மாதிரி அஞ்சு எடுத்துக் குடுடா’ன்னுதான் சொன்னேன், இருநூறையும் சாயங்காலம் வரிக்கும் குந்திக் கேட்டுட்டு, ‘இதாங்க சார் மனசுக்கு நல்லா கீது’ன்னு இந்த அஞ்ச எழுதிக் குடுத்தவன் நீதாண்டா ஜீவா, நாளைக்கி நீ கழுவற மொதத் தட்டு என்னுது.”